கச்சதீவில் அக்கா பார்த்த முகம்

மச்சான்,

உனக்கென்று ஒரு பார்சல் என் குசினி மேசையில் நாலு நாளாய்க் கிடக்கிறது. பழைய சீலைத் துண்டில் சுற்றி, நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. உள்ளே புழுக்கொடியல். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த அந்த மணம் உனக்குத் தெரியும்; இப்போது பாரிஸுக்கு வெளியே ஒபர்வில்லியேயில் என் ஏழாம் மாடி வீடு முழுக்க அதுதான். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு என்ன மணம் என்று பிரெஞ்சில் கேட்டாள். மாமாவுக்கு வந்த சாமான் என்றேன். எந்த மாமா என்றாள். உன் பேரைச் சொன்னதும் அறைக்குள் போய்விட்டாள்.

அக்கா தந்துவிட்டது. ஓமடா, நெடுந்தீவுக்குப் போய்விட்டுப் போன கிழமைதான் திரும்பி வந்தேன். இருபத்தைந்து வருசத்துக்குப் பிறகு, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, சுற்றுலாக்காரன் மாதிரிப் போய் இறங்கினேன். திரும்பி வருகிற அன்று விடிய அக்கா இந்தப் பார்சலைக் கையில் திணித்து, "இது அந்த ராமேஸ்வரத்துத் தம்பிக்கு. வழியிலை நீ தின்னாதை" என்றா. ஓமக்கா என்று வாங்கிக்கொண்டேன். நாளைக்குப் பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் உன் வீட்டுக்குக் கொண்டுபோய் உன் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். ஆனால் நீ இல்லை என்பதை அக்காவிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்பதை உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் சந்தித்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். பாரிஸில் எங்கள் தமிழ்ச் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் அந்தச் சாப்பாட்டுக் கடையின் கீழறைக் குசினி. நான் பிளோஞ்சில், கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறேன். நீ பாண்டிச்சேரிப் பெட்டையைக் கட்டி, அவளின் பிரெஞ்சுக் குடியுரிமையால் வந்து இறங்கி, மீன் வெட்டுகிற வேலைக்கு அன்றுதான் சேர்ந்தாய். "எந்த ஊரு?" என்று கேட்டாய். நெடுந்தீவு என்றேன். கத்தியைப் போட்டுவிட்டுக் கையைத் துடைக்காமலே கட்டிப்பிடித்தாய். "அட, பக்கத்து ஊரு! நான் ராமேஸ்வரம் தங்கச்சிமடம்ப்பா!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இந்தியா, நான் இலங்கை, எங்கே பக்கம்? "போப்பா, மதுரைக்குப் போற நேரத்துல உங்க ஊருக்குப் போட்டுல ரெண்டு தடவை போயிட்டு வந்துரலாம்" என்றாய். என் சேர்ட்டில் மீன் செதில். அன்றைக்கு முழுக்க நாறினேன்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் கிழமையிலேயே கொழுவத் தொடங்கிவிட்டோம். பெட்டி பிரித்தால் நீ சின்ன மீனை ஒரு கையால் ஒதுக்கி வாளிக்குள் தள்ளுவாய். நான் அதை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுப்பேன். "கஞ்சப் பிசுநாறி" என்பாய். "ரோலர்க்காரன் புத்தி" என்பேன் நான். உன் அண்ணனுக்கு விசைப்படகு இருந்தது. இழுவை மடி போட்டு அடியோடு வாரி எடுக்கிற படகு. நாங்கள் அதை ரோலர் என்போம். அக்காவின் புருசன், என் அத்தானுக்கு ஒரு சின்ன வள்ளமும் நாலு துண்டு வலையும். உங்களிடம் சின்ன மீனுக்கு மதிப்பில்லை, எங்களிடம் சின்ன மீன்தான் இருந்தது.

ஒருநாள் மேசையில் கொட்டிய மாவில் நீ விரலால் கடலைக் கீறினாய். இந்தப் பக்கம் உன் ஊர், அந்தப் பக்கம் என் ஊர், நடுவில் கச்சதீவுக்கு ஒரு கொண்டைக்கடலை. குடிக்கத் தண்ணீர் இல்லாத, ஒரு குடியும் இல்லாத தீவு. அந்தோனியார் கோயில் ஒன்றுதான் இருக்கிறது. அது யாருடையது என்கிற இழுபறி வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அவன் முடிக்காமல் போனான். பிறகு டில்லியும் கொழும்பும் கடலில் கோடு கீறிக் கையெழுத்து வைத்தார்கள். தீவு எங்கள் பக்கம் வந்தது. "குடுத்தவன் எங்களைக் கேட்டானா?" என்று நீ கடலையை உன் பக்கம் தள்ளினாய். "கேட்டால் என்ன, கேக்காட்டில் என்ன, அது எங்கடை" என்று நான் என் பக்கம் தள்ளினேன். முதலாளி இறங்கி வந்து அந்தக் கடலையை எடுத்துக் குப்பையில் போட்டார். இரண்டு பேருக்கும் நல்ல ஏச்சு விழுந்தது.

விளையாட்டாய் இருந்ததெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது. அக்கா தொலைபேசியில் அழுதா. முதல்நாள் அத்தான் விரித்த வலை முழுவதையும் உங்கள் பக்கத்து ரோலர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டன. நாலு துண்டும் போச்சு. மறுநாள் உன்னோடு நான் கதைக்கவில்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் நீயே வந்தாய். "எங்க பக்கம் மீன் இல்லடா. கடலை நாங்களே சுரண்டித் தீத்துட்டோம். அண்ணனுக்கு வேற தொழில் தெரியாது. தப்புதான், அதுக்காக என்கிட்ட பேசாம இருப்பியா?" என்றாய். நான் கோப்பையைக் கழுவிக்கொண்டே நின்றேன். சில மாதம் கழித்து உன் அண்ணனின் படகை எங்கள் நேவி பிடித்துக்கொண்டுபோய்க் கட்டி வைத்தது. நீ கண் சிவக்க வேலைக்கு வந்தாய். எனக்குள்ளே ஒரு சொட்டுச் சந்தோசம் இருந்தது, மச்சான். உனக்கு அது தெரிந்திருக்கும். நீ கேட்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், வெட்கமாய்த்தான் இருக்கிறது.

அக்காவைப் பற்றி நீ அறியாதது ஒன்றுமில்லை. அம்மா போன பிறகு எனக்குச் சோறு தீத்தினவ அவதான். நான் இருபது வயதில் வெளிக்கிட்டபோது இறங்குதுறையில் நின்று, படகு மறையும்வரை கையைத் தூக்கிக்கொண்டே நின்றா. படகையே பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கண்ணில்தான் பிறகு நோய் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் அத்தான் கொண்டுபோய்க் காட்டினார். இனித் திருத்த ஏலாது, ஒரு வருசம் ஒன்றரை வருசத்தில் முழுக்கப் போய்விடும் என்றார்கள். போனில் முகத்தைக் காட்டினால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம், ஆள் தெரியாதாம். படம் அனுப்பினால் சின்னது. பகல் வெளிச்சத்தில் ஆள் கிட்ட வந்து இருந்தால் மட்டும் தெரியும். "எனக்குக் கண் போறதுக்குள்ளை உன்னை ஒருக்கால் பாக்கவேணும், தம்பி. ஒரேயொருக்கால்" என்றா.

அப்போது எனக்குக் குடியுரிமை இல்லை, நான் எப்படிப் போவேன்? அகதியாய் ஏற்றுக்கொண்டு பிரான்ஸ் தந்த பயணப் புத்தகத்தில் ஸ்ரீலங்கா தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று அடித்திருந்தது. போனால் இங்கே இருக்கிற பாதுகாப்பும் போய்விடும். அக்காவோ பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறுகிற ஆளில்லை, யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியைத் தாண்டியதே இல்லை. வள்ளம் ஏறத்தான் அவவுக்குப் பயமில்லை. வருசா வருசம் கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு அத்தானோடு போவா. அன்றைக்கு உங்கள் ஊர்ச் சனமும் அங்கே வரும். இரண்டு பக்கத்துச் சனமும் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் ஒரே பூசையில் நிற்கிறது அங்கே மட்டும்தான்.

யோசனை உன்னுடையது. மெட்ரோப் பாலத்துக்குக் கீழே நடந்துகொண்டிருந்தோம், மேலே ரயில் இரைந்துகொண்டு போனது. சட்டென்று நின்று என் தோளைப் பிடித்தாய்.

"டேய், கச்சத்தீவு எங்களோடதுதானே?"

"திரும்பத் தொடங்காதை."

"சொல்றதைக் கேளுடா. உன் புத்தகத்துல என்ன எழுதியிருக்கு? ஸ்ரீலங்காவுக்குப் போகக்கூடாது. கச்சத்தீவு எங்களோடதுன்னா நீ ஸ்ரீலங்காவுக்கே போகல. எங்க ஊருக்கு வர்ற, எங்க போட்டுல ஏறுற, எங்க தீவுக்குப் போற, அக்காவைப் பாக்குற. முடிஞ்சுது!"

"அது எங்கடை தீவு."

"அப்ப போகாத! உங்களோடதுன்னா போக முடியாது. எங்களோடதுன்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்."

நடைபாதையில் போன சனம் திரும்பிப் பார்த்தது. அக்காவைப் பார்க்க எனக்கு இருந்த ஒரே வழி அது. ஆனாலும் வாய் வந்ததா? வரவில்லையே. "அக்காவைப் பாத்திட்டு வந்து சொல்லுறன்" என்றேன். "கல்லு மண்டை" என்று தலையில் தட்டினாய்.

இந்திய விசாவுக்கு ஐந்து மாதம் அலைந்தேன். திருநாளுக்கு முந்தின ஒரு கிழமை உன்னோடு தங்கச்சிமடத்தில் உன் வீட்டில் இருந்தேன். உன் அண்ணன் எனக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். அத்தானின் வலையைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, கட்டி வைத்த படகைப் பற்றி நானும் கதைக்கவில்லை. அக்கா நெடுந்தீவிலிருந்து வெளிக்கிட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று காலை ராமேஸ்வரம் துறையில், திருநாளுக்குப் போகிறவர்களின் பெயர் பார்க்கிற இடத்தில் என் புத்தகத்தை நீட்டினேன். இரண்டு பேருக்கும் எவ்வளவு நம்பிக்கை! பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது யாருக்கும் வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தோம். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். இந்தப் பக்கத்துச் சனம் இந்தப் பக்கத்தால் போகலாம், அந்தப் பக்கத்துச் சனம் அந்தப் பக்கத்தால் வரலாம், வெளிநாட்டுப் புத்தகம் வைத்திருக்கிறவருக்கு இடமில்லை. நீ அவரோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினாய். "சார், எங்க தீவுக்கு நான் ஒரு விருந்தாளியைக் கூட்டிட்டுப் போகக்கூடாதா?" என்றாய். பின்னால் நின்ற சனம் சிரித்தது. நான் அழுதுவிட்டேன்.

"நீ இரு. நான் போய் அக்காவைப் பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, உன் இந்திய அடையாள அட்டையைக் காட்டிப் படகில் ஏறினாய்.

இரண்டு நாள் உன் வீட்டு வாசலில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணி வைத்த சோறு அப்படியே இருந்தது. இரண்டு மூன்று மணித்தியாலக் கடல்தான், மச்சான். அங்கே அக்கா வெயிலில் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறா, இங்கே நான். எந்த நாட்டின் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு பின்னேரம் நீ வந்தாய். முகமெல்லாம் வெயில் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. "அக்கா என்னைப் பாத்த உடனே கட்டிப்புடிச்சு ஒரே அழுகை. சோறு போட்டாங்க. உனக்கு நல்லாத் திட்டு. பார்வை இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாய். பிறகு எத்தனை தரம் கேட்டாலும் அதையே ஒப்புவித்தாய்.

பாரிஸுக்கு வந்து மூன்றாம் நாளே, "இப்பவாவது சொல்லு, எங்களோடதுன்னு" என்று தொடங்கினாய். நானும் விடவில்லை. எட்டு வருசம். உங்கள் ஊரில் தேர்தல் வந்தால் நீ தேத்தண்ணிக் கடை மேசையில் அடித்துக் கத்துவாய். நேவி யாரையாவது பிடித்தால் இன்னும் கத்துவாய். ரோலர் வலையை அறுத்தால் நான் கத்துவேன். கடைசியாய் நாங்கள் கதைத்ததும் அதைத்தான். தேத்தண்ணி ஆறிப்போக, "போடா, உன்கிட்ட பேசி என் பிரஷர் ஏறுது" என்று சிரித்துக்கொண்டே எழும்பிப் போனாய். இரண்டு நாளில் மாரடைப்பு. பொபினிப் பக்கத்துச் சேமக்காலையில் உன்னை அடக்கிய அன்று நல்ல குளிர். உன் பெட்டியில் ஒரு கைப்பிடி மண் போட்டேன். தீவை உனக்கே தந்திருக்கலாம், வாயால் சொன்னால் என்ன குறைந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. பிந்திவிட்டது.

பிறகு எனக்குக் குடியுரிமை கிடைத்தது. போனேன். அக்காவுக்கு இப்போது ஒன்றும் தெரியாது, வெளிச்சமும் தெரியாது. போன அன்று வீடு நிறையச் சனம். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுது முடிக்கவே பொழுது போய்விட்டது. மறுநாள் காலை முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். "உன்ரை அந்தச் சிநேகிதன் எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்டா. நல்லாய் இருக்கிறான் என்று வாயில் வந்துவிட்டது. "அண்டைக்குக் கச்சதீவிலை நடந்ததை அவன் உனக்குச் சொல்லியிருக்கமாட்டான். சொல்லவேண்டாம் எண்டு எனக்கும் சொன்னவன். இப்ப சொன்னால் என்ன" என்று அக்கா தொடங்கினா.

திருநாளுக்கு வந்த சனம் தங்கக் கட்டியிருந்த தறப்பாள் கூடாரங்களில் ஒவ்வொன்றாய் நீ விசாரித்துக்கொண்டு வந்தாயாம். தம்பி எங்கை என்று அக்கா கேட்டிருக்கிறா. விடவில்லை என்றாயாம். அவ அப்படியே மணலில் இருந்துவிட்டா. அத்தான்தான் உன்னிடம், "உங்கடை ஆக்களுக்கு ரோலர் இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாமேடா! யாருக்குத் தெரியப்போகிறது? "எங்க அண்ணனுக்கு இருக்கு" என்றாயாம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உன்ரை முகத்தை நான் பாக்கமாட்டன். எழும்பிப் போ" என்றா. கட்டிப்பிடித்து அழுத அக்கா இவதான். நல்லாய்ப் புளுகியிருக்கிறாய் எனக்கு.

நீ போகவில்லை. தறப்பாளுக்கு வெளியே, கொளுத்துகிற வெயிலில் இருந்தாய். பூசை தொடங்கி, முடிந்து, சனம் பொதி கட்டத் தொடங்கியும் இருந்தாய். கடைசியில் அக்காவே, அப்போதும் திரும்பாமல், கேட்டிருக்கிறா: "தீவும் உங்கடை எண்டுறியள், கடலும் உங்கடை எண்டுறியள். எங்களுக்கு என்னதான் விடப்போறியள்?"

"தீவு உங்களோடதுதான்கா" என்றாயாம்.

என்னிடம் ஒருநாளும் சொல்லாததை அவவிடம் சொல்லியிருக்கிறாய்.

"தீவு உங்களோடதுதான். வலை அறுத்தது எங்க தப்புதான். ஆனா உங்க தம்பி அங்க எங்க வீட்டு வாசல்ல சாப்பிடாமக் கெடக்கான்கா. அவனுக்காக என் மூஞ்சியைப் பாருங்க. அவனும் அச்சு அசலா என்னை மாதிரித்தான் இருப்பான். பாத்துக்குங்க." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "தீவு விசயம் அவன்கிட்ட சொல்லிராதீங்க, அப்புறம் என்னைப் பாரிஸ்ல நடமாட விடமாட்டான்" என்றாயாம். அதைச் சொல்லும்போது அக்கா சிரித்தா. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்; அவவுக்குத் தெரியாது என்று நினைத்தேன், தெரிந்திருக்கும்.

"அப்பதான் திரும்பினனான். கிட்ட வரச்சொல்லி, வெயில் பக்கம் திருப்பி, வடிவாய்ப் பாத்தனான். அதுதான் நான் கடைசியாய் வடிவாய்ப் பாத்த முகம். அதுக்குப் பிறகு நீ போன் எடுத்தால் அந்த முகம்தான் எனக்குக் கதைக்கும்" என்றா. கையை நீட்டினா. "கிட்ட வா."

நான் கிட்டப் போனேன். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தா. நெற்றியிலிருந்து விரல் மெல்ல இறங்கி வந்தது. மூக்குக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது.

"மீசை எங்கையடா?"

எனக்கு மீசை இருந்ததே இல்லை. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டு திரிந்தது நீதான். அக்கா என்னில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தா. அவ மனதில் இருக்கிற தம்பிக்கு உன் முகம். நீ செத்துப்போனாய் என்று அந்த அக்காவிடம் நான் எந்த வாயால் சொல்ல?

"எடுத்திட்டன், அக்கா."

"எப்ப?"

"மாசியிலை" என்றேன். நீ போன மாதம் அது.

"உனக்கு அது நல்ல வடிவாய் இருந்தது. திரும்ப வளர்" என்றா.

அன்றிலிருந்து வளர்க்கிறேன், மச்சான். ஒரு மாதமாகிறது. உன்னுடையதைப் போல் அடர்த்தியாய் வரவில்லை. அங்கங்கே நரைத்து நிற்கிறது. லாச்சப்பலில் பெடியள் கண்டு சிரிக்கிறார்கள். வருகிற மாசிக்கு அக்காவிடம் போக டிக்கெட் போட்டுவிட்டேன். அதற்குள் முறுக்குகிற அளவுக்கு வந்துவிட வேண்டும்.